கட்டுரையை மதிப்பிடுவோர் யார்? அவை, பாயிரம், கண்டனம், இரகசிய மதிப்பீடு

ஒருவர் எழுதியது அறிவுலகில் உலாவத் தக்கதா, அன்றா என்பதை யார் தீர்மானிப்பது, எந்த நியாயத்தைக் கொண்டு தீர்மானிப்பது, தீர்மானத்திற் பிழை நேர்ந்தால் அதற்கு உத்தரவாதி யார் என்னும் வினாக்கள், அச்சியந்திரமும் ஆய்வுச் சஞ்சிகையும் தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே தமிழிற் கேட்கப்பட்டு, காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை பெற்றவை. இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றிருக்கும் விடை யாவரும் அறிந்ததே: சஞ்சிகைக்கு வந்த கட்டுரையைப் பதிப்பாசிரியர் அத்துறையில் வல்ல இருவருக்கோ மூவருக்கோ அனுப்புகிறார், அவர்கள் பெயரை எழுதியவருக்கும், பல இடங்களில் எழுதியவர் பெயரை அவர்களுக்கும் மறைத்து, எழுத்துமூலமான அபிப்பிராயம் பெறுகிறார், பின்னர் ஏற்றல், திருத்தக் கோரல், நிராகரித்தல் என்னும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார். இம்முறையே ஆராய்ச்சியின் பிரமாணம் என்று இன்றைய மாணவர் கருதுகின்றனர். ஆயினும் அது மிக அண்மைக் காலத்தது என்பதும், அதன் பலமும் பலவீனமும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் புலமை மரபு இவ்வினாவுக்கு அளித்த பழைய விடைகளோடு சேர்த்து நோக்கும்போதே நன்கு புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அவையும் பாயிரமும்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பெற்றது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறும். இதற்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கக் கதை, வரலாறாகக் கொள்ளத் தக்கதன்றாயினும், மதிப்பீடு பற்றிய சிந்தனையாக மிகவும் கவனிக்கத் தக்கது. தம் மாணாக்கராகிய தொல்காப்பியர்மீது சினங்கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேளாதொழிக என்று அதங்கோட்டாசானைப் பணித்தார். நூலாசிரியரோ கேட்டருள வேண்டுமென்று வற்புறுத்தினார். இவ்விருவருக்கும் இடையே அகப்பட்ட ஆசான், கேட்குந்தோறும் தாம் குற்றம் கூறுவதென்றும் நூலாசிரியர் விடை கூறுவதென்றும் வழி கண்டார் என்பது அக்கதை. மதிப்பிடுவோன்மீது வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தத்தையும், அறிஞர்களுக்கிடையே உள்ள பகையையும் நம் உரையாசிரியர்கள் அறியாதிருக்கவில்லை. அவற்றுக்கு அவர்கள் கண்ட பரிகாரம், வினாவும் விடையும் அவையறிய நிகழவேண்டும் என்பதாகும்.

இறையனார் அகப்பொருளுரை கூறும் மற்றொரு கதை, முற்றிலும் வேறான ஒரு விடையைத் தருகிறது. இறையனார் அகப்பொருளாகிய களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டு, எது மெய்யுரை என்று தம்முள் மாறுபட்டபோது, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனைக் காரணிகனாக இருத்தி ஒவ்வோருரையையும் படித்துக் காட்டினர்; நக்கீரர் உரையைக் கேட்டபோது மாத்திரம் பதந்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்திருந்தான் என்பர். எப்பக்கமும் சாராத, எவருக்கும் கடமைப்படாத, எந்நூலாசிரியரோடும் போட்டியில்லாத ஒருவனே தகுந்த நடுவன் என்னும் இலட்சியம் இக்கதையிற் பேசுகிறது. அவன் காரணம் எதனையும் கூறவில்லை, கூறவும் இயலாதவன். பட்சபாதமின்மையை முழுமையாகப் பெறும்பொருட்டுக் காரணங் கூறுதலைக் கைவிட்ட விடை இது எனலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது நன்னூலின் பாயிரவிதி. தன்னைத் தான் புகழ்தல் தகாதாகலின், நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர், ஆசிரியனும் உடன் கற்றவனும் மாணாக்கனும் தகுந்த உரைகாரனும் என்று பவணந்தி முனிவர் வகுத்தார். இக்காலத்துச் சஞ்சிகை விதிகள் மதிப்பீட்டாளராகக் கொள்ளலாகாது என்று விலக்குவோருள் முதல் மூவரும் அடங்குவர் என்பது சிந்தித்தற்குரியது. பழைய மரபு, நூலையும் நூலாசிரியனையும் அணுக்கமாக அறிந்தவனே சான்று பகரத் தக்கவன் என்று கொண்டது. புதிய மரபு, அணுக்கமே சான்றைக் கெடுக்கும் என்று கொள்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. மேலும், நூல் அரங்கேறிய களத்தையும் பாயிரம் கூறவேண்டும் என்பாரும் உளர் என நன்னூல் குறிப்பதால், எந்த அவை ஏற்றது என்பதைப் படிப்பவன் அறியவேண்டும் என்னும் கொள்கை இருந்தமை தெளிவாகிறது. அம்முறையின் பெருங்குறை, தீர்ப்பு எஞ்சித் தடைகள் மறைந்தமையே. அதங்கோட்டாசான் குற்றம் கூறினார் என்று அறிகிறோம். எக்குற்றம் கூறினார் என்பதை அறியோம். அரசவையும் ஆதீனமும் புகவொட்டாத நூல்கள் எத்தனை என்பதையும் அறிய வழியில்லை.

அச்சுக்காலத்து யாழ்ப்பாணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடிகள் அச்சேறத் தொடங்கியபோது, அரங்கேற்றத்தின் இடத்தைப் பரிசோதனையும் கண்டனமும் எடுத்துக்கொண்டன. இம்மாற்றத்தில் யாழ்ப்பாணம் வகித்த பங்கு பெரிது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியது முதல், 'பரிசோதித்து' என்னும் சொல் நூல்முகப்பில் ஒரு பொறுப்பேற்பாகவே நின்றது: பல பிரதிகளை ஒப்புநோக்கினேன், பாடத்துக்கு நான் உத்தரவாதி என்று பரிசோதகர் தம் பெயரை வைத்துக் கூறும் வாக்குறுதி அது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிட்டபோது, அது நாவலராற் பரிசோதிக்கப்பெற்றே வெளிவந்தது. அதற்கும் முன்னர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாரும் நாவலரும் யாழ்ப்பாணத்திற் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு, சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மழவை மகாலிங்கையரின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவரது பாராட்டைப் பெற்றது என நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். உள்ளூர்ப் புலமையை உள்ளூராரே அளவிடுதல் போதாது, கடல்கடந்த ஒருவர் காணவேண்டும் என்னும் எண்ணத்துக்கு இஃது ஓர் ஆரம்ப உதாரணம்.

பரிசோதனை எத்துணை கவனமாயினும், பிரசுரத்துக்குப் பின் நிகழும் ஆராய்ச்சிக்கு அது ஈடாகாது என்பதற்குத் தாமோதரம்பிள்ளையின் பதிப்பொன்றே சான்றாகிறது. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தனியொருவராக அலைந்து, வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), கலித்தொகை (1887) முதலியவற்றைத் தமிழுலகுக்கு மீட்டளித்த அப்பெரியார், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரை என்றே வெளியிட்டார். 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவப்பட்டு, அதன் 'செந்தமிழ்' இதழ் நடைபெறத் தொடங்கிய பின்னர், இரா. இராகவையங்கார் அவ்விதழில் எழுதிய ஆராய்ச்சி, அப்பதிப்பின் பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல் முதலிய நான்கியல்களின் உரை பேராசிரியருடையது என்று காட்டியது. பதிப்பாசிரியர் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். 1885இல் இன்றைய முறைப்படி இருவர் இரகசியமாக மதிப்பிட்டிருப்பினும் இப்பிழையைக் கண்டிருப்பர் என்று எண்ண இடமில்லை; ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலமே அப்போதுதான் அச்சிற் கிடைத்தது. அச்சேறியமையால் பலர் படித்தனர். பலர் படித்தமையால் ஒருவர் கண்டார். முன்கூட்டிய மதிப்பீட்டுக்கு இயற்கையாகவே உள்ள எல்லை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் புலப்படுவது அரிது.

புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரும் 'செந்தமிழ்' இதழில் நிகழ்ந்த இலக்கண விவாதங்களிற் கலந்துகொண்டு, தம் பெயரோடு தடையெழுப்பி, பிறர் தடைக்கு விடைகூறிப் பழகியவர். அவரது குறிப்புகளோடு சுன்னாகத்திலிருந்து 1937 முதல் வெளிவந்த தொல்காப்பியப் பதிப்புகள், அவ்விவாதப் பயிற்சியின் கனிகள் என்றே கொள்ளத்தக்கன.

எனினும் வெளிப்படையான கண்டனம் எப்போதும் இவ்வாறு கனிந்ததில்லை. 'அருட்பா' எனப்பட்ட சமயப் பாடல்களைக் கண்டித்து 1869இல் நாவலர் பக்கத்திலிருந்து வெளிவந்த 'போலியருட்பா மறுப்பு' தொடங்கிவைத்த விவாதம் மஞ்சக்குப்பம் நியாயஸ்தலம்வரை சென்றது. அடுத்த தலைமுறையிலும் கண்டனப் பத்திரங்கள் தொடர்ந்தன. பொருளை விட்டு ஆளைத் தாக்குதல், சமயக் கட்சி பற்றி நிற்றல், வசைமொழி ஆகியவை கண்டன இலக்கியத்தின் மறுபுறம். மதிப்பீட்டாளரின் பெயரை மறைக்கவேண்டும் என்போர் இவ்வரலாற்றைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடும். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

மேனாட்டில் மறைவு வந்த வழி

இலண்டன் றோயல் சொசைற்றியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் 1665இல் தொடங்கிய 'பிலசோபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ்' ஆய்வுச் சஞ்சிகைகளின் முன்னோடி. அதில் வெளிவருவனவற்றைப் பெரும்பாலும் அவரே தெரிந்தார். 1752இல் அச்சங்கம் அச்சஞ்சிகையைத் தன் பொறுப்பில் எடுத்து, குழுவொன்றின் வாக்கெடுப்புக்கு விட்டது. எழுத்துமூலமான மதிப்பீட்டறிக்கை 1830களில் வில்லியம் ஹியூவெல் முன்வைத்த யோசனையால் வந்தது. அவர் கருதிய அறிக்கை இரகசியமானதன்று. பொதுவிற் பிரசுரமாகி, புதிய கண்டுபிடிப்பைப் பொதுவுலகுக்கு விளக்கவேண்டியது. ஆனால் அவரும் ஜோன் லபக்கும் முதற்கட்டுரை ஒன்றை மதிப்பிடும்போதே கருத்து மாறுபட்டனர். ஒருவர் கட்டுரையின் பொதுச்சிறப்பைக் கூற விரும்பினார், மற்றவர் கணிதத்திற் பிழை கண்டு கூற விரும்பினார். சில ஆண்டுகளுள் அறிக்கைகள் பெயரற்றனவாகவும் மறைவானவையாகவும் ஆயின. ஆகவே, இன்று புதுமையெனப் பேசப்படும் வெளிப்படை மதிப்பீடு, மறைவுக்கு முன்னரே முயன்று பார்க்கப்பட்டது.

அதன் பின்னும் இம்முறை எங்கும் பரவிவிடவில்லை. 1936இல் ஐன்ஸ்ரைன் தாம் நேதன் றோசனோடு சேர்ந்து எழுதிய ஈர்ப்பலைக் கட்டுரையை 'பிசிக்கல் றிவ்யூ' பதிப்பாசிரியர் வெளி மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காட்டியதை அறிந்து சினந்து, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதிப்பீட்டாளர் காட்டிய தவறு உண்மையானதே. பின்னர் வேறொரு சஞ்சிகையில் அக்கட்டுரை திருத்தப்பெற்று வெளிவந்தது. 'நேச்சர்' சஞ்சிகை வெளி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973இலேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் அரசுகள் ஆராய்ச்சிக்குப் பெரும் பொருள் வழங்கத் தொடங்கி, அப்பொருள் நன்கு செலவாகிறது என்பதற்குச் சான்று கேட்கப்பட்ட சூழலே இம்முறைக்குச் சட்டத்தின் தோற்றத்தைக் கொடுத்தது என வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது.

முறையைப் பரிசீலித்த ஆய்வுகள்

இம்முறை தான் கூறிக்கொள்வதைச் செய்கிறதா என்று சோதித்த முயற்சிகள் சில உள. டக்ளஸ் பீற்றர்ஸ், ஸ்ரீபன் சேசி ஆகிய இருவர், உளவியற் சஞ்சிகைகளில் முன்னரே வெளிவந்த 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் அறியப்படாதனவாக மாற்றி, அவை வெளிவந்த அதே சஞ்சிகைகளுக்கே மீண்டும் அனுப்பினர். 1982இல் வெளியான அவர்களது முடிவின்படி, 3 மாத்திரமே இனங்காணப்பட்டன; எஞ்சிய 9இல் 8 நிராகரிக்கப்பட்டன. 1998இல் வெளியான ஆய்வொன்றில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, வேண்டுமென்றே 8 பிழைகள் புகுத்திய கட்டுரையொன்றை மதிப்பீட்டாளர் பலருக்கு அனுப்பியபோது, அவர்கள் கண்டவை சராசரியாக 2 மாத்திரமே. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஒரே கட்டுரை, நோபெல் பரிசு பெற்றவர் பெயரோடு சென்றபோது மதிப்பீட்டாளருள் 23 வீதத்தினரும், அறியப்படாத இளைஞர் பெயரோடு சென்றபோது 65 வீதத்தினரும் அதை நிராகரிக்கும்படி கூறினர்.

இவற்றைக் கொண்டு மதிப்பீடு பயனற்றது என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். மதிப்பீட்டாளரின் அறிக்கையால் திருந்திய கட்டுரைகள் கணக்கில. திருத்தம் பெற்றவை யாவை என்பது வெளியே தெரியாமையால், அந்நன்மை அளவைக்கு அகப்படுவதில்லை. மூன்றாவது ஆய்வு எழுதியவர் பெயரை மறைப்பதற்கே சார்பானது என்பதையும் மறத்தலாகாது.

சிறிய புலமைச் சமூகத்தின் இடர்

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் ஆயிரக்கணக்கான அறிஞர் உழைக்கும் பெருந்துறைகளை மனத்திற் கொண்டவை. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு 1974இல் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் கலைப்பீடத்தின் 'சிந்தனை' போன்ற சஞ்சிகைகளுக்கு, வன்னிச் சிற்றரசர் பற்றியோ ஈழத்துக் கூத்து மரபு பற்றியோ கல்வெட்டுச் சாசனம் பற்றியோ ஒரு கட்டுரை வந்தால், அதனைத் தமிழிற் படித்து மதிப்பிட வல்லார் உலகெங்கும் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. அவருட் பலர் ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணாக்கரும் உடன்கற்றோரும் ஆவர். நன்னூல் பாயிரத்துக்கு உரியவராக எண்ணிய அதே உறவினர். பெயரை நீக்கினும் நடையும் மேற்கோளும் எடுத்தாளும் சாசனங்களும் எழுதியவரைக் காட்டிவிடும். அறிக்கையின் தொனியிலிருந்து மதிப்பீட்டாளரையும் ஊகிக்கலாம். எனவே மறைவு பெயரளவில் நின்று, அதன் பாதுகாப்பைத் தராமல், பொறுப்பின்மையை மாத்திரம் தந்துவிடும் அபாயம் இங்கு மிகுதி.

இவ்விடரைத் தனிநாயகம் அடிகள் வேறு வழியால் எதிர்கொண்டார். ஊர்காவற்றுறையிற் பிறந்த அவர் 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் ஏடு, பதிப்பாசிரியரின் விரிந்த கல்வியையும் தொடர்புகளையும் நம்பி நடந்தது. செக் நாட்டுக் கமில் சுவெலபில் போன்றோரை அதில் எழுதச் செய்ததன்மூலம், தமிழாராய்ச்சியை அளவிடும் அவையை அவர் உலகளாவ விரித்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்ததும், அதன் நான்காம் மகாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திற் கூடியதும் அம்முயற்சியின் தொடர்ச்சியே. ஒருவரது தகுதியைச் சார்ந்த அமைப்பு அவருக்குப்பின் தளர்வது இயல்பு. 'தமிழ்க் கல்ச்சர்' 1960களின் நடுவிலேயே நின்றுவிட்டது. மகாநாடுகளும் நாளடைவில் அரசியற் கால அட்டவணைக்கு உட்பட்டன. 2010இல் கோயம்புத்தூர் மகாநாட்டுக்குக் குறிக்கப்பட்ட அவகாசம் ஆய்வுக் கட்டுரைகளைத் தயாரிக்கப் போதாதென்று மன்றத்தலைவர் நொபோரு கராஷிமா உடன்படாமையும், அம்மகாநாடு மன்றத்தின் சார்பின்றி வேறு பெயரில் நடைபெற்றமையும், ஓர் அறிஞர் தம் பெயரை நிறுத்தி மறுத்தமைக்கு அண்மைக் கால உதாரணமாகும். அது மதிக்கத்தக்க செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குடாநாட்டுக்கு மற்றோர் இடரும் உண்டு. மதிப்பீட்டாளர் செய்யக்கூடிய தலையாய பணி, கட்டுரை காட்டும் ஆதாரத்தைத் தாமே எடுத்துப் பார்த்தல். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. தொடர்ந்த போர்க்காலத்தில் வீட்டுத் தொகுப்புகளும் கோயிற் சுவடிகளும் சிதறின. ஆதாரம் அழிந்த இடத்தில் அதனை முன்னர்ப் பார்த்தவரின் சொல்லே ஆதாரமாகிறது. மதிப்பீட்டாளரோ ஆளை நம்புவதன்றி வேறு செய்ய இயலாதவர் ஆகிறார். 2005 முதல் நூலகம் நிறுவனம் எண்மப்படுத்திவரும் ஈழத்து நூல்களும் இதழ்களும் இந்நிலையை ஓரளவு மாற்றியிருக்கின்றன. மதிப்பீட்டின் தரத்தை உயர்த்தும் முயற்சிகளுள், விதிகளைத் திருத்துவதைவிட இதுவே அதிகம் பயன்படக்கூடும்.

பதவியும் எண்ணிக்கையும்

பதவியுயர்வுக்கு மதிப்பீடு பெற்ற கட்டுரைகளைப் புள்ளியிட்டு எண்ணும் வழக்கம் வந்தபின், மதிப்பீடு என்னும் பெயரை விற்கும் சஞ்சிகைகள் பெருகின. 2013இல் ஜோன் பொஹனன் என்பார், வெளிப்படையான தவறுகள் நிறைந்த கற்பனைக் கட்டுரையொன்றைத் திறந்த அணுக்கச் சஞ்சிகைகள் 304க்கு அனுப்பியபோது, 157 அதனை ஏற்றன. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் தன் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்கவேண்டி வந்தது. தமிழில் எழுதுவோருக்கு இதனோடு வேறொரு தொல்லையும் சேர்கிறது: சர்வதேச அட்டவணைகளில் தமிழ்மொழிச் சஞ்சிகைகள் பெரும்பாலும் இடம்பெறாமையால், தமிழை நன்கறிந்தோர் படிக்கும் ஏட்டில் எழுதுவதைக் காட்டிலும், தமிழறியாதோர் மதிப்பிடும் ஏட்டில் எழுதுவது ஊதியத்துக்கும் பதவிக்கும் உதவுவதாகிறது. இஃது அறிவுக்குச் செய்யும் நன்மை யாதென்று விளங்கவில்லை.

மாற்று யோசனைகளும் எஞ்சிய வினாக்களும்

பௌதிகவியலார் 1991 முதல் மதிப்பீட்டுக்கு முன்னரே தம் கட்டுரைகளைப் பொதுவில் வைத்துவருகின்றனர். 'ஈலைஃப்' என்னும் உயிரியற் சஞ்சிகை 2023இல், மதிப்பீட்டுக்குப்பின் ஏற்றல் நிராகரித்தல் என்னும் தீர்ப்பையே விலக்கி, அறிக்கைகளைக் கட்டுரையோடு வெளியிடத் தொடங்கியது. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை 1999இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், பெயர் வெளிப்படும் என்று அறிந்த மதிப்பீட்டாளரின் அறிக்கை தரத்திற் குறையவில்லை. ஆனால் மதிப்பிட மறுப்போர் தொகை கூடிற்று. மதிப்பீட்டாளர் கிடைப்பதே அரிதான யாழ்ப்பாணத்துக்கு இப்பின்விளைவு சிறியதன்று.

இவையனைத்தையும் நோக்குமிடத்து, எழுதியவர் பெயரை மதிப்பீட்டுக் காலத்தில் மறைத்தலும், கட்டுரை வெளிவரும்போது அறிக்கைகளையும் விடைகளையும் உடன் வெளியிடுதலும், தமிழாய்வுச் சஞ்சிகைகளுக்கு ஏற்ற முறையாகலாம் என்று தோன்றுகிறது. அதங்கோட்டாசான் எழுப்பிய தடைகள் நமக்குக் கிடையாமற் போன குறையை அஃது ஓரளவு தீர்க்கும். மதிப்பீட்டாளரின் பெயரையும் அச்சிடவேண்டுமா என்பதில் அத்தகைய துணிவுக்கு இடமில்லை. மூத்த பேராசிரியர் கையொப்பமிட்டு ஓர் இளம் விரிவுரையாளரின் கட்டுரையைக் கண்டிப்பது எளிது. அதே விரிவுரையாளர், நாளைக்குத் தம் பதவியுயர்வுக் குழுவில் அமரக்கூடிய பேராசிரியரின் கட்டுரையைக் கையொப்பமிட்டுக் கண்டிக்க எந்த ஏற்பாடு அவருக்குப் பாதுகாப்பளிக்கும் என்பதற்கு, இதுவரை முன்வைக்கப்பட்ட யோசனைகளுள் திருப்தியான விடை காணப்படவில்லை. புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழகத்திலும் உள்ள அறிஞர் சேர்ந்த பொதுவான மதிப்பீட்டாளர் குழுவொன்று அப்பாதுகாப்பைத் தரக்கூடும்; அதற்கு வேண்டிய நேரத்தையும் செலவையும் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதும், நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளின் அறிக்கைகளை எங்கே, எவ்வளவு காலம் பேணுவது என்பதும் இனித் தீர்மானிக்கப்பட வேண்டியவை.